ஏழு நாட் சான்றிதழும் அன்னபூரணியின் தண்டையலும்

ரொறன்ரோவில் வளர்ந்த என் அக்காவின் மகன் சென்ற தை மாதத்தில் தாய்லாந்துக்குப் போயிருந்தான். புக்கெட் தீவிலிருந்து புறப்பட்டு, பாங் ஙா விரிகுடாவின் சுண்ணாம்புக்கல் தீவுகளுக்கிடையே ஏழு நாட்கள் பாய்ப்படகில் சுற்றினானாம். ஐந்து மாணவர்கள், ஓர் ஆசிரியர், முப்பத்தெட்டு அடிப் படகு. பகலில் பாய் ஏற்றவும் இறக்கவும் பழகினார்கள். இரவில் ஏதாவதொரு தீவின் மறைவில் நங்கூரமிட்டுப் பாடப் புத்தகத்தைப் படித்தார்கள். கடைசி நாளில் எழுத்துப் பரீட்சை, அதன் பின்னர் செய்முறைப் பரீட்சை. தேறியவர்களின் கையில் ஒரு சான்றிதழும், ஓடிய கடல் மைல்களைக் குறித்துவைக்கும் சிறிய பதிவேடும் கொடுக்கப்பட்டன. அவற்றைப் படமெடுத்து அனுப்பியவன் கீழே இப்படி எழுதியிருந்தான்: "மாமா, இனி நான் தனியப் பாய்ப்படகு வாடகைக்கு எடுக்கலாம். எங்கட ஆக்களில கடலோடி எண்டு சொல்ல நான்தான் முதல் ஆள்."

மகிழ்ச்சிதான். வாழ்த்தும் அனுப்பினேன். எங்கள் குடும்பத்தில் அவன் முதல் ஆள் என்பதும் உண்மை. ஆனால் அவனுடைய தாயார் பிறந்த தன்னாமுனையில் அவன் முதல் ஆள் அல்லன். அதைத் தொலைபேசியில் விளங்கப்படுத்தப் புகுந்து அரைவாசியில் நின்றுபோனேன். அந்த அரைவாசிக் கதையை முழுமையாக்கும் முயற்சியே இப்பதிவு.

தன்னாமுனையை அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறாவூர் நோக்கிச் செல்லும் வீதியில், ஒருபுறம் வாவியும் மறுபுறம் சற்றுத் தொலைவில் கடலுமாக அமைந்த கிராமம் அது. சூசையப்பர் தேவாலயம், தென்னந்தோப்பு, வாவிக்கரையில் கட்டிக்கிடக்கும் தோணிகள். வாவியோ ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடப்பது. வாவித் தோணிக்காரனுக்குப் பாயும் வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம், கோலூன்றியே போய்வரலாம். முகத்துவாரத்துக்கு வெளியே கதை வேறு. அங்கே மணல் திட்டு மூடுவதும் மாரி வெள்ளத்தில் உடைவதுமாக இருப்பதால், பெரிய கப்பல்கள் உள்ளே வருவதற்கில்லை. வெளியே நங்கூரமிட்டுச் சிறிய வள்ளங்களில் நெல்லையும் தேங்காயையும் ஏற்றிச் செல்வார்கள். 1602 ஆம் ஆண்டு மே இறுதியில் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் வந்து நின்றதும் இக்கரைக்கு வெளியேதான். பாலமீன்மடுவில் வெளிச்சவீடு கட்டப்பட்டது 1913 இல். அதுவரை இரவில் இக்கரையை அணுகியவனுக்கு அவனது கண்ணும் அனுபவமுமே துணை.

வடக்கிலிருந்து இவ்வாறு வந்துபோன பாய்க்கப்பல்களில் ஒன்றில் வந்து, இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட ஒருவர் தன்னாமுனையில் இருந்தார். ஊரில் அவரைத் 'தண்டையல் அப்பு' என்பார்கள். தண்டையல் என்றால் பாய்க்கப்பலின் தலைவன். 1996 இல், நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவனாக இருந்த காலத்தில், அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. மகளின் வீட்டு விறாந்தையில், வாவியைப் பார்த்தபடி சாக்குக் கட்டிலில் கிடப்பார். இளமையில் வல்வெட்டித்துறையிலிருந்து இரங்கூனுக்கும் அக்கியாப்புக்கும் ஓடியவர். போகும்போது எது கிடைக்கிறதோ அது. வரும்போது அரிசியும் தேக்கும்.

"உங்களுக்கு ஓட்டச் சான்றிதழ் ஏதும் இருந்ததா அப்பு?" என்று கேட்டேன். அக்காலத்தில் எனக்கு எல்லாவற்றுக்கும் ஆவணம் வேண்டும். பல்கலைக்கழகம் அப்படித்தான் பழக்கியிருந்தது.

அவர் சிரித்தார். "கப்பல் திரும்பி வந்துதே தம்பி, அதுதான் சேட்டிபிக்கற்."

இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். கப்பல் தலைவனுக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் வழங்கும் முறை உலகில் மிகப் பழையது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பிரித்தானியாவில் வெளிநாடு செல்லும் வணிகக் கப்பல்களின் தலைவர்களும் துணைத்தலைவர்களும் சான்றிதழ் பெற்றேயாக வேண்டும் என்று சட்டம் வந்தது 1850 இல்தான். அதற்கு முன்னர், உலகின் பாதியைக் கட்டியாண்ட அந்தக் கப்பற்கூட்டத்தில் யார் தலைவன் என்பது கப்பல் உரிமையாளன் விருப்பம். குடித்துவிட்டுப் பாறையில் ஏற்றியவர்களும், நிலப்படத்தை வாசிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். கப்பல்கள் மூழ்கின, காப்புறுதிக்காரர்கள் அழுதார்கள், பாராளுமன்றம் விசாரித்தது. அதன் பின்னரே பரீட்சை வந்தது. இன்று உலகக் கப்பல்கள் அனைத்துக்கும் பொதுவாக உள்ள பயிற்சி, சான்றிதழ் உடன்படிக்கையோ 1978 ஆம் ஆண்டினது. உல்லாசப் படகோட்டிகளுக்குச் சான்றிதழ் வழங்கும் அமெரிக்கப் பாய்ப்படகுச் சங்கம் 1983 இல் தோன்றியது.

வேடிக்கை என்னவென்றால், லண்டனில் அந்தப் பரீட்சைச் சட்டம் வந்த அதே 1850 ஆம் ஆண்டில், மதராஸ் படையைச் சேர்ந்த கொங்கிரீவ் என்ற அதிகாரி, சோழமண்டலக் கரையின் சுதேச மாலுமிகள் கையாளும் உபாயங்களைப் பற்றி மதராஸ் இலக்கிய, விஞ்ஞான சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் வியந்து விவரித்த பொருள்களில் ஒன்று, நடுவே துளையிட்டு முடிச்சுகள் போட்ட கயிறு கோத்த ஒரு சிறு மரத்துண்டு. அராபியர் இதைக் 'கமால்' என்பர். நம்மவர் 'இராப்பலகை' என்றனர்.

அதன் வேலை மிக எளிது. பலகையைக் கண்ணுக்கு எதிரே பிடித்து, கீழ்விளிம்பு கடலும் வானும் சேரும் கோட்டிலும், மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்திலும் தொடுமாறு முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். கயிற்றை இழுத்துப் பல்லிடுக்கில் கடித்துக்கொள்ள வேண்டும். எந்த முடிச்சு பல்லில் அகப்படுகிறதோ, அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் நேரே கப்பல் நிற்கிறது. வடக்கே போகப் போகத் துருவ நட்சத்திரம் உயரும். பலகை கண்ணுக்கு நெருங்கும். தெற்கே வர வர அது தாழும்; கயிறு நீளும். மட்டக்களப்புக் கரை ஏறக்குறைய ஏழே முக்கால் பாகையில் இருப்பதால், நட்சத்திரம் கடலை ஒட்டித் தாழ்ந்தே நிற்கும். மேகமில்லாத இரவு வேண்டும். உரிய முடிச்சு கிடைத்ததும் தண்டையல் கிழக்கு நோக்கியோ மேற்கு நோக்கியோ நேர்கோட்டில் ஓடுவான். துறை தானாக எதிரே வரும். ஒரு முடிச்சு ஒரு துறைமுகம். எழுத்தறியாதவனும் வாசிக்கக்கூடிய நிலப்படம் அது. இன்று என் மருமகன் கற்ற பாடத்தில் அகலக்கோடு என்றொரு அத்தியாயம் இருக்கிறது. அதன் சாரம் முழுவதும் இந்தக் கயிற்றில் இருக்கிறது.

தண்டையல் அப்புவின் காலத்தில் இராப்பலகை வழக்கொழிந்து, திசையறி கருவி வந்துவிட்டது. ஆனால் தம் பாட்டனாரிடம் அப்படியொரு பலகை இருந்ததாகச் சொன்னார். அவரிடம் எஞ்சியிருந்தது நட்சத்திரங்களின் பெயர்கள். எந்த மாதம் எந்த யாமத்தில் எது எழும், எது விழும்; எது விழுந்தால் கொண்டல் காற்று தளரும், எது எழுந்தால் சோழகம் பிடிக்கும் என்று, வாவியைப் பார்த்துக்கொண்டே மூன்று மாலைப் பொழுதுகள் சொல்லிக்கொண்டேயிருந்தார். நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். அந்தக் கொப்பிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

இப்போது அன்னபூரணிக்கு வருவோம். ஈழத்தமிழரின் கடலோட்டத்தைப் பற்றிப் பேசுவோர் யாவரும் தவறாமற் சொல்லும் பெயர் அது. ஆனால் பலரும் அதைப் பெருமைக்குரிய ஒரு வாக்கியமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதன் மறுபக்கம் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

'அன்னபூரணியம்மாள்' 1930 இல் வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட இருபாய்மரக் கப்பல். நீளம் எண்பத்தொன்பது அடி. அகலம் பத்தொன்பது அடி. வரைபடம் வைத்துக் கட்டும் வழக்கம் அங்கே இல்லை. மேஸ்திரியார் கடற்கரை மணலில் ஏராவை வைத்து, வங்குகளை நிறுத்தி, கண்ணாலும் கைமுழத்தாலும் அளந்து கட்டுவார். கப்பல் கட்டுவதற்கென்று தமிழில் 'கப்பல் சாத்திரம்' என்ற பழைய ஏட்டு நூல் ஒன்று உண்டு. மதராஸ் அரசினர் கீழைத்தேயச் சுவடி நிலையத்தார் அதை 1950 இல் அச்சிட்டனர். மரத்தின் இனம், நீள அகல விகிதம், நாள் நட்சத்திரம் என்று அது பேசும். வல்வெட்டித்துறை மேஸ்திரிமாருக்கு அந்த நூல் கையிற் கிடைத்திராது. அவர்களுடைய சாத்திரம் தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வந்தது.

இக்கப்பலை வாங்கியவர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர். சாதாரண ஆள் அல்லர். முப்பத்திரண்டு அடி நீளமான 'ஸ்வாப்' என்ற சிறு பாய்ப்படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்தவர். அதுவரை அவ்வளவு சிறிய படகில் உலகைச் சுற்றியவர் எவருமில்லை. 1934 இல் கலாபகோஸ் தீவுகளில் குடல்வால் வெடித்து உயிருக்குப் போராடியபோது, அமெரிக்கக் கடற்படைக் கப்பலும் வானூர்திகளும் வந்து அவரைக் காப்பாற்றின. அந்நாட்களில் அது உலகச் செய்தி. வெப்பமண்டலத் தீவுகளிடையே பாய்விரித்துத் திரிவதே வாழ்க்கை என்று கொண்ட அந்த மனிதருக்கு, உலகின் மறுகோடியில் பார்த்த ஒரு வேப்பமரக் கப்பல் பிடித்துப்போயிற்று. மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். கப்பல் கட்டுவோரையும் கடலையும் நன்கறிந்த ஒருவரின் தெரிவு அது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. பின்னாளில் தமக்கென அவர் கட்டுவித்த 'வருவா' என்ற எழுபதடிக் கப்பலும் இதே இருபாய்மர வகையைச் சேர்ந்ததே.

1937 இல் இலங்கையை விட்டுப் புறப்பட்ட கப்பல், ஏடன், சுயெஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரோல்டர், பெர்மியூடாத் தீவு என்று ஓடி, 1938 ஓகஸ்ட் 1 ஆம் திகதி மசாசுசெட்ஸ் மாநிலத்தின் கிளவுஸ்டர் துறையை அடைந்தது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை, வயது நாற்பத்தெட்டு. அவருடன் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த இளைஞர்கள். கிளவுஸ்டர் தானே பாய்க்கப்பல்களுக்குப் பேர்போன மீன்பிடி ஊர். அங்கே ஒரு கப்பலைப் பார்க்க ஊர் திரள வேண்டுமானால் அது சாதாரணக் கப்பலாயிருக்க முடியாது. மறுநாள் பொஸ்ரன் குளோப் பத்திரிகை படங்களோடு செய்தி வெளியிட்டது.

ஒரு பத்திரிகைக்காரன் என்ற முறையில் அச்செய்தி வகையை நான் அறிவேன். விசித்திரமான கப்பல், விசித்திரமான மனிதர், வேட்டி, தலைப்பாகை, அவர்கள் சாப்பிடும் சோறு. நிருபர் துறைமுகத்துக்குப் போவார், படம் எடுப்பார், நாலு பத்தி எழுதுவார், மாலையில் வீட்டுக்குப் போவார். கப்பல் தலைவராகப் பதிவானவர் டொனால்ட் மக்குயிஷ் என்பவர். அவரை நான் குறை சொல்லவில்லை. அட்லாந்திக்கைக் கடந்த அனுபவம் வேறு, வங்காள விரிகுடா அனுபவம் வேறு. ஆனால் அந்தக் கப்பலின் ஒவ்வொரு பருமலும் எந்தக் காற்றில் எப்படி முனகும் என்று அறிந்தவர் யார்? மூன்று கண்டங்களின் கரையோரமாக அதைக் கொண்டுசென்ற தண்டையல், அந்த ஊரின் சட்டப்படி ஒரு கூலி மாலுமி. கையில் தாள் இல்லை. அவர் வானத்தை எப்படி வாசித்தார் என்று அங்கே ஒருவரும் உட்கார்ந்து கேட்டு எழுதவில்லை.

அமெரிக்கரைச் சொல்லி என்ன பயன்? வல்வெட்டித்துறையிலும், பருத்தித்துறையிலும், ஊர்காவற்றுறையிலும் இத்தகைய தண்டையல்மார் 1950கள் வரை ஓடினார்களே, நாம் எழுதினோமா? தலபுராணம் எழுதினோம், பிரபந்தம் பாடினோம், கோயில் வழக்குகளுக்குப் பக்கம் பக்கமாகச் சாட்சியம் பதிவுசெய்தோம். கப்பலோட்டியின் வாயிலிருந்து ஒரு நூல் செய்துவைக்கத் தோன்றவில்லை. கடற்கரையான் அறிவை அறிவென்று எண்ணாத நம்முடைய சாதிப் புத்திக்கு இதில் பெரும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். வாசகர் சிலர் கோபிக்கலாம், கோபிக்கட்டும்.

பிறகு நடந்தது யாவரும் அறிந்ததே. 1948 இல் குடிவரவுச் சட்டம், 1953 இல் நாணயக் கட்டுப்பாட்டுச் சட்டம். பாட்டன் செய்தபோது வியாபாரமாயிருந்தது பேரன் செய்தபோது கள்ளக்கடத்தலாயிற்று. இயந்திரக் கப்பலும் புகைவண்டியும் ஏற்கெனவே பாதிச் சரக்கைப் பிடுங்கியிருந்தன. மட்டக்களப்புக்கு 1928 இல் புகையிரதம் வந்தபோதே இந்தக் கரையின் பாய்க்கப்பலுக்குச் சாவுமணி அடித்தாயிற்று. போர்க் காலத்தில் எத்தனை மணிக்குக் கடலிறங்கலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கே கட்டுப்பாடு. கரைக்குத் திரும்பும் நேரத்தைச் சீருடைக்காரர் தீர்மானிக்கும்போது நட்சத்திரம் எதற்கு?

இனி என் கொப்பியின் கதை.

மூன்று மாலைகள் எழுதியதை ஒரு நீண்ட கட்டுரையாக்கிக் கொழும்புக்கு அனுப்பினேன். போர்ச் செய்திகள் நிறைந்திருந்த காலம். எங்கள் செய்தி ஆசிரியர் அதை இருபது வரிகளாக வெட்டி, ஞாயிறு இதழில் ஒரு மூலையில் போட்டார். 'முதிய மாலுமியின் நினைவுகள்' என்று தலைப்பு. நட்சத்திரங்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. எனக்கு மனவருத்தம், பெரியதாக ஒரு நாள் எழுதலாம், நூலாகவே போடலாம் என்று கொப்பியைப் பத்திரப்படுத்தினேன். அப்புவிடம் போய் மிச்சத்தையும் கேட்க வேண்டும் என்று இரண்டாண்டுகள் சொல்லிக்கொண்டேயிருந்தேன். தன்னாமுனை எனக்கு எட்டாத தூரத்தில் இருக்கவில்லை. பேருந்தில் அரை மணித்தியாலம்கூட இல்லை. 1998 இல் அவர் இறந்தார். மரண வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் என்னைக் கண்டதும், "அப்பு உங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தவர் தம்பி, இன்னும் சொல்லக் கிடக்குது எண்டு" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

கொப்பி கல்லடியில் நான் குடியிருந்த வீட்டில், மேசை இலாச்சியில் இருந்தது. கடற்கரையிலிருந்து இருநூறு யார் தூரம். 2004 மார்கழி 26 காலை நான் நகரில் வேலையாக இருந்தேன். மனைவியும் பிள்ளைகளும் ஏறாவூருக்குப் போயிருந்தார்கள். உயிர் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம். திரும்பிப் போனபோது சுவர்களில் இரண்டுதான் நின்றன. அந்த நாட்களில், அயலில் எத்தனையோ பேர் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு கொப்பியைப் பற்றி நினைப்பதே வெட்கமாக இருந்தது. பல மாதங்கள் கழித்தே அதன் நினைவு வந்தது.

இன்று தன்னாமுனையிலிருந்து சற்றுத் தூரம் போனால், கடலில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் ஓடுகின்றன. கையடக்கத் தொலைபேசி போன்ற கருவி ஒன்று இருக்குமிடத்தைச் சொல்லிவிடும். வெளிநாட்டுச் சுழியோடிகள், 1942 ஏப்பிரல் 9 இல் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்க மட்டக்களப்புக்கு வருகிறார்கள். ஐம்பது மீற்றருக்கு மேல் ஆழம், அதற்கும் உரிய சான்றிதழ் வேண்டும். அதில் தவறில்லை. தாள் இருந்தால் உயிர் பிழைப்போர் தொகை கூடும் என்பதை 1850 இன் வரலாறே காட்டுகிறது. என் மருமகன் கற்றுக்கொண்ட பாடங்களில் முதன்மையானது, கடலில் தவறி விழுந்தவனைக் கப்பலைத் திருப்பிவந்து தூக்குவது எப்படி என்பதாம். பத்துத் தடவை செய்து காட்டிய பின்னரே தேறினானாம். அப்புவின் காலத்தில் விழுந்தவன் பெரும்பாலும் விழுந்தவன்தான். அதையும் அவரே சொல்லியிருந்தார். இரங்கூன் ஓட்டமொன்றில் தம் தமையனை அப்படி இழந்தவர் அவர்.

இவற்றையெல்லாம் சென்ற வாரம் மருமகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, அந்த நட்சத்திரங்களில உங்களுக்கு எத்தினை ஞாபகமிருக்கு? எழுதி அனுப்புங்கோ, என்ர பதிவேட்டில ஒரு பக்கம் வெறுமையாக் கிடக்கு" என்றான். ஆவணி மாதம் வருகிறானாம். தன்னாமுனைக்குப் போக வேண்டுமாம்.

இரவு உட்கார்ந்து எழுதினேன். வடதிசை காட்டும் கப்பல் வெள்ளி. ஆறாமீன். தெற்கே குருசு வெள்ளி. நான்காவதாக, விடியப்புறத்தில் எழும் ஒன்றின் பெயரை அப்பு இரண்டு முறை சொல்லி, எழுத்துப் பிழையின்றி எழுதும்படி கேட்டது ஞாபகமிருக்கிறது. பெயர் வரவில்லை. மூன்றையும் அனுப்பியிருக்கிறேன்.